தஞ்சைப் பெரிய கோயில்: கல்லில் பதிந்த சேரியின் எல்லை

கொல்லிமலைச் செம்மேட்டில் கல்லூரி மாணவர்களுக்காக நடந்த சட்டப் பயிற்சி முகாமில், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் குறித்து நாங்கள் வகுப்பெடுத்தோம். மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தின் மீது உரிமை கோரும்போது எவற்றையெல்லாம் சான்றாக முன்வைக்கலாம் என்பதை அச்சட்டத்தின் 13-ஆம் விதி பட்டியலிடுகிறது. அரசு ஆவணங்களோடு, ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், பழைய கிணறு, வழிபாட்டிடம், முன்னோரைப் புதைத்த இடம் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. பட்டா இல்லாத மக்களுக்கு அவர்களின் புதைகாடே பட்டாவாக முடியும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, சமவெளியிலிருந்து வந்திருந்த ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "எங்கள் ஊரில் ஊர்ச் சுடுகாடு வேறு, எங்கள் சுடுகாடு வேறு. இது எப்போதிலிருந்து இப்படி? அதற்கு எழுத்துச் சான்று ஏதும் உண்டா?"

உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சான்று அது. நாட்டின் புகழ்பெற்ற நினைவுச் சின்னங்களுள் ஒன்றான தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலேயே அது வெட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அதன் அருகே நடந்து செல்கின்றனர். அதைப் படிப்போர் மிகக் குறைவு. அந்த மாணவருக்கு முகாமில் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே விரிவாகத் தருகிறோம்.

நாம் அறிந்த கோயில்

முதலாம் இராசராசன் (ஆட்சிக்காலம் 985–1014) கட்டிய இராசராசேச்சரம் 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 1954-இல் வெளியான ஆயிரம் ரூபாய்த் தாளில் அதன் படம் இடம்பெற்றது. 1987-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது; 2004-இல் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்களும் அதனுடன் சேர்க்கப்பட்டன. 2010-இல் ஆயிரமாவது ஆண்டு விழா அரசு விழாவாகக் கொண்டாடப்பட்டது.

இவ்வளவு புகழ் பெற்ற கோயிலைப் பற்றி மக்கள் நாவில் உலவுவன என்ன? விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பர், விழத்தான் செய்கிறது. உச்சிக்கல் ஒரே கல் என்பர். கட்டியவன் யார் என்பதே கூட நெடுங்காலம் தெளிவாக அறியப்படவில்லை. கரிகாலன் கட்டினான், காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்றெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை சொல்லப்பட்டு வந்தது. சென்னை மாகாண அரசின் கல்வெட்டாய்வாளராக இருந்த ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் கல்வெட்டுகளைப் படித்த பின்னரே இராசராசனின் பெயர் உறுதியாயிற்று. அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதி 1891-இல் வெளிவந்தது.

இராசராசன் பெயரை நமக்கு மீட்டுத் தந்தது அக்கல்வெட்டுத் தொகுதி. சேரியின் பெயரும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. முதலாவதை ஊரறியக் கொண்டாடிய நாம், இரண்டாவதைப் பக்கம் புரட்டி மூடிவிட்டோம்.

கல்வெட்டும் ஓர் ஆவணமே

சட்டம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 'ஆவணம்' என்பதற்கு இலக்கணம் வகுக்கும்போது, உலோகத் தகட்டிலோ கல்லிலோ பொறிக்கப்பட்ட எழுத்தும் ஆவணமே என்று எடுத்துக்காட்டுடன் கூறியது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் அந்த எடுத்துக்காட்டை அப்படியே வைத்திருக்கிறது. கல்வெட்டை ஆவணமாகப் படிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம் மட்டுமன்று. சட்டத்தின் வழியும் அதுவே.

பெரிய கோயிலின் கல்வெட்டுகள் எத்தகைய ஆவணங்கள்? மன்னனின் வீரத்தைப் பாடும் மெய்க்கீர்த்தி அவற்றின் முகப்பு மட்டுமே. அதன்பின் வருவது கணக்கு. எந்தத் திருமேனி எத்தனை விரல் உயரம், எந்த அணிகலன் எத்தனை கழஞ்சு, எந்த ஊரிலிருந்து எவ்வளவு நெல் வர வேண்டும் என்பன நுணுக்கமாக எழுதப்பட்டுள்ளன. பல்வேறு தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும், அவர்கள் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் வாழ்ந்தனர் என்பதும், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு என்பதும் அதே சுவரில் உள்ளன. இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு கோயிலின் சொத்துப் பதிவேடு. அரசு தன் கடமையின்போது எழுதி வைத்த பதிவேடு. புராணத்துக்கோ புகழ்மொழிக்கோ இல்லாத சான்று மதிப்பு இத்தகைய பதிவேட்டுக்கு உண்டு. தனக்கு எதிராக எதையும் சொல்லும் நோக்கம் எழுதியவருக்கு இல்லை. வரிக்கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை.

ஊரும் சேரியும்

கோயிலின் செலவுக்காகச் சோழ நாட்டில் பல ஊர்களின் வருவாயை இராசராசன் ஒதுக்கினான். அவ்வூர்களின் பட்டியல் அவனது 29-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014 வரையிலான கொடைகளைச் சொல்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் கணக்கு ஒரே முறையில் அமைகிறது. முதலில் ஊரின் மொத்தப் பரப்பு. பின் அதில் வரி விதிக்கப்படாத 'இறையிலி' நிலங்கள். அவற்றைக் கழித்தபின் எஞ்சும் நிலம். அந்நிலத்தின் மீது கோயிலுக்குச் சேர வேண்டிய நெல். அளவுகள் வேலியின் நுண்ணிய பின்னங்கள் வரை செல்கின்றன. சுமார் 1001-ஆம் ஆண்டையொட்டி நடந்த நில அளவையே இத்தகைய துல்லியத்துக்கு அடிப்படை.

கழிக்கப்படும் நிலங்களின் பட்டியலில்தான் நமக்கு வேண்டிய சான்று இருக்கிறது. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி ஆகியவையும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. 'உழப்பறையர்' என்ற சொல்லும் வருகிறது. உழவுத் தொழில் செய்த பறையர் என்பது அதன் பொருள். சுடுகாட்டைப் பற்றிய குறிப்பிலும் பிரிவினை உண்டு. 'பறைச்சுடுகாடு' என்று தனியே ஓர் இடம் பதியப்பட்டிருக்கிறது. இவற்றுக்கு நடுவே 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் நிற்கிறது.

இப்பட்டியலை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சேரிக்கு வரி இல்லை என்பதில் இழிவு எதுவும் இல்லை; நிலவுடைமையாளர் வாழ்ந்த ஊர்நத்தத்துக்கும் வரி இல்லை. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் வரி இல்லை. செய்தி வேறிடத்தில் இருக்கிறது. ஊர்நத்தம் ஓர் இனம், சேரி மற்றோர் இனம் எனக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. மக்கள் வாழும் இடம் என்ற ஒரே தலைப்பில் இரண்டும் அடங்கவில்லை. சேரி, ஊரின் எல்லைக்குள் அளக்கப்படுகிறது. ஆனால் ஊர் என்ற சொல்லுக்குள் சேர்க்கப்படவில்லை. பிணம் எரியும் இடத்திலும் அதே எல்லை தொடர்கிறது.

அரசின் நில அளவையாளர் அந்த எல்லையைத் தாமாக உருவாக்கியிருக்க முடியாது. அளக்கப் போன இடத்தில் இருந்ததை எழுதியிருக்கிறார். ஆனால் எழுதப்பட்ட அந்த நாளிலிருந்து அது வழக்கம் என்ற நிலையைக் கடந்து, அரசின் பதிவாகிவிட்டது.

'சேரி' என்ற சொல்லின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. தொடக்கத்தில் அது சேர்ந்து வாழும் இடம் என்னும் பொதுப்பொருளில் வழங்கியது. பெரிய கோயிலின் பெண்கள் வாழ்ந்த தெரு தளிச்சேரி. பிராமணர் குடியிருப்பான உத்திரமேரூரின் பகுதிகளும் சேரிகளே. இன்று அச்சொல் யாருடைய இருப்பிடத்தைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களின் சேரிகள் தெருக்களாயின, அக்கிரகாரங்களாயின. முன்னொட்டை இழந்த சேரி, தலித் மக்களிடம் மட்டும் தங்கிவிட்டது.

கல்வெட்டு சொல்லாதவை

இந்தச் சான்றைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. 2019 ஜூன் மாதம் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித் இராசராசன் ஆட்சி குறித்துப் பேசியதற்காக அவர்மீது வழக்குப் பதியப்பட்டது. முன்பிணை கேட்டு அவர் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையை அணுக வேண்டியிருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த மன்னனைப் பற்றிய கருத்து இன்றும் காவல் நிலையம் வரை செல்கிறது. ஆகவே நாம் எதைச் சொல்கிறோம், எதைச் சொல்லவில்லை என்பதில் தெளிவு வேண்டும்.

தீண்டாமையை இராசராசன் தோற்றுவித்தான் என்று இக்கல்வெட்டுகள் கூறவில்லை. சேரி மக்களின் நிலத்தை அவன் பறித்தான் என்றும் இப்பட்டியலில் இல்லை. தீண்டாச்சேரியில் வாழ்ந்தவர் யார், பறைச்சேரியினின்று அது எவ்வகையில் வேறுபட்டது என்பதையும் அச்சொல் மட்டும் நமக்கு விளக்கிவிடாது. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா இத்தகைய சொற்களைக் கல்வெட்டுகளிலிருந்து திரட்டி ஆராய்ந்தார். கே.ஆர். ஹனுமந்தன் தமிழகத்தில் தீண்டாமையின் வரலாற்றை 1979-இல் நூலாக்கினார். இவர்களின் ஆய்வுகளைப் படித்து வாதிடுவதே நமக்கு வலிமை தரும்.

கல்வெட்டு உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான்: 1014-ஆம் ஆண்டளவில் காவிரிப் படுகையின் ஊர்களில் உழைக்கும் மக்களின் குடியிருப்பும் சுடுகாடும் தனியே பிரிக்கப்பட்டிருந்தன, 'தீண்டா' என்ற அடைமொழி அரசின் நிலக்கணக்கில் ஏறியிருந்தது. இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தால் எதிர்த்தரப்பு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். குறைத்தால் நாமே நம் சான்றைக் கைவிட்டவராவோம். சாதியும் தீண்டாமையும் அயலார் ஆட்சியில் வந்தவை, பொற்காலத்தில் அவை இல்லை என்று மேடையில் முழங்குவோருக்கு இந்த ஒரு வரியே போதுமான மறுமொழி.

1891-இன் இரண்டு ஆவணங்கள்

பெரிய கோயில் கல்வெட்டுகள் அச்சேறிய அதே 1891-ஆம் ஆண்டில், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்த தம் அறிக்கையை எழுதினார். சேரி மக்கள் தாம் குடியிருக்கும் மனைக்கே உரிமையற்றவர்களாக இருப்பதையும், மிராசுதார்கள் அந்த உரிமையின்மையையே கருவியாகக் கொண்டு அவர்களைப் பணிய வைப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அவ்வறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த ஆணைகளே பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்ட ஒதுக்கீட்டுக்கு வித்திட்டன.

முதலாவது ஆவணத்தில் சேரி இறையிலி. இரண்டாவதில் சேரி உரிமையிலி. இடையே கிடக்கும் ஒன்பது நூற்றாண்டுகளின் வரலாறு ஒரே கோடாக ஓடவில்லை. ஆட்சிகளும் நில முறைகளும் பலமுறை மாறின. மாறாமல் நின்றது, குடியிருப்போருக்குக் குடியிருப்பு சொந்தமில்லை என்ற நிலை. சோழர் தலைநகரைச் சூழ்ந்த அதே தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாள்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த வேளாண் தொழிலாளர்களுக்கு அந்த மனையையே உரிமையாக்கிய தமிழ்நாடு குடியிருப்புச் சட்டம் 1971-இல்தான் வந்தது.

கோயில் கதவு திறந்த நாள்

கோயிலுக்கு நெல் விளைவித்த மக்களின் வழிவந்தோர் அதன் வாயிலைக் கடக்க முடிந்தது 1939-இல். அவ்வாண்டு ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத அய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. சட்ட நடவடிக்கையிலிருந்து அதைக் காக்க ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமும், பின்னர் ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டமும் இயற்றியது. அதே ஜூலை மாதத்தில் தஞ்சை அரண்மனையின் பரம்பரை அறங்காவலர், பெரிய கோயில் உள்ளிட்ட தம் பொறுப்பிலிருந்த 90 கோயில்களையும் தலித் மக்களுக்குத் திறந்துவிட்டார். காந்தி அதனைத் தம் 'ஹரிஜன்' இதழில் வரவேற்றார்.

1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் அவ்வுரிமையை மாகாணம் முழுமைக்கும் விரித்தது. அரசமைப்பின் 17-ஆம் கூறு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கோயிலுக்குள் நுழையத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1939-ஐக் காந்தியர்களின் கருணையாக மட்டும் சொல்லும் வழக்கம் நம் பாடநூல்களில் உண்டு. அதற்கு முன் பல பத்தாண்டுகள் தெருவுக்காகவும் குளத்துக்காகவும் பள்ளிக்காகவும் ஒடுக்கப்பட்ட மக்களே நடத்திய போராட்டங்கள் இல்லாமல் அந்தக் கதவு திறந்திருக்காது.

சொல் மாறிற்று, எல்லை மாறிற்றா?

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த அறிவிப்பை வரவேற்கிறோம். ஆனால் சொற்களின் வரிசையைச் சற்றே திரும்பிப் பாருங்கள். தீண்டாச்சேரி சேரியாயிற்று, சேரி காலனியாயிற்று, இன்று காலனியும் நீங்குகிறது. ஒவ்வொரு முறையும் சொல் நீங்கியது. ஊருக்கும் அதற்கும் நடுவே கிடக்கும் வெளி பெரும்பாலும் அப்படியே நின்றது.

அந்த வெளியைச் சட்டத்தால் தொட முடியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ புதைகாட்டையும் சுடுகாட்டையும் பொதுச் சொத்துகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. பறைச்சுடுகாடு என்று கல்லில் எழுதியது அன்றைய அரசு. அந்தப் பிரிவினையைக் காக்க ஒருவர் கை நீட்டினால் அது குற்றம் என்று எழுதியிருக்கிறது இன்றைய குடியரசு. இரண்டு எழுத்துகளுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள். இரண்டாவது எழுத்தை ஒவ்வோர் ஊரிலும் நடைமுறையாக்குவதே நம் வேலை.

நாம் செய்யக்கூடியவை

1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழைமையுடைய கல்வெட்டையும் தொன்மைச் சின்னம் என்றே வகுக்கிறது. எனவே தஞ்சையில் பாதுகாக்கப்படுவது விமானம் மட்டுமன்று. தீண்டாச்சேரி என்ற அந்தச் சொல்லும் பாதுகாக்கப்பட்ட சின்னமே. அதை யாரும் சிதைக்கக் கூடாது. சிதைத்தால் சிறைத்தண்டனை உண்டு. மறைக்கவும் கூடாது என்பது நம் கோரிக்கை. தளிச்சேரிப் பெண்களையும் உழப்பறையரையும் சேரிகளையும் பற்றிக் கல்வெட்டுகள் கூறுவதை வளாகத்தின் தகவல் பலகைகளில் தெளிந்த தமிழில் எழுத வேண்டும். சுற்றுலாவுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோயிலின் உயரத்தோடு அந்த உயரத்தைத் தாங்கிய நெல் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

மாணவர்களுக்குச் சிறு பணிகள் மூன்று உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை நூலகத்தில் எடுத்து, இறையிலி நிலப் பட்டியல்களை நேரில் படியுங்கள். எங்கள் சொல்லை மட்டும் நம்ப வேண்டா. அடுத்து, உங்கள் ஊரின் நில அளவை வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். நத்தமும் சுடுகாடும் அவற்றில் எத்தனை இடங்களில், எந்தப் பெயர்களில் உள்ளன என்று பாருங்கள். மூன்றாவதாக, உங்கள் சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை உறுதி செய்யுங்கள். எங்கள் அனுபவத்தில், பாதையில்லாத சுடுகாடுதான் ஊர்களில் மிகுதியான பிணக்குகளைப் பிறப்பிக்கிறது. பிணம் வந்து நின்ற பிறகு ஆவணம் தேடுவது தாமதம்.

செம்மேட்டு முகாமின் இறுதி நாளில் அந்த மாணவர் மீண்டும் எங்களிடம் வந்தார். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று கொல்லிமலையின் ஊர்த் தொகுதிகள் இன்றும் 'நாடு' என்றே வழங்குகின்றன. சோழர் கல்வெட்டுகளில் ஆட்சிப் பிரிவைக் குறித்த சொல்லும் அதுவே. பழைய சொற்கள் எல்லாம் ஒருபோல் வாழ்வதில்லை என்றார் அவர். உண்மைதான். இம்மலையில் தம் முன்னோரைப் புதைத்த இடத்தைச் சட்டத்தின்முன் உரிமைச் சான்றாகப் பழங்குடி மக்கள் நீட்ட முடிகிறது. சமவெளியிலும் நம் சுடுகாடு ஓர் ஆவணத்தில் இருக்கிறது; ஆயிரம் ஆண்டுகளாகக் கோயில் சுவரில் இருக்கிறது. விலக்கிவைத்ததற்கான அந்தப் பதிவை, நாம் அங்கேயே இருந்தோம், அந்த நிலத்தை உழுதோம் என்பதற்கான சான்றாகவும் நாம் எடுத்து நீட்டலாம்.